டோச்சா பீங்கான் ஜாடிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடல் முழுக்கக் கடல் தேவர்களும் குழந்தைத் தேவதைகளும் புடைத்து நிற்கிற இத்தாலியப் பீங்கான் ஜாடிகளைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் கீழே "கபோடிமோன்டே" என்று பெயர் போட்டிருக்கும். அந்தப் பெயர் நேப்பிள்ஸ் அரண்மனை ஆலையுடையது. ஆனால் அந்த வகை வேலைப்பாடு பிறந்த இடம் வேறு: ஃபிளாரன்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் டோச்சா. இந்த ஜாடிகளைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்று எழுதியது இது.

டோச்சா எங்கே இருக்கிறது? அங்கே பீங்கான் ஆலையைத் தொடங்கியவர் யார்?

ஃபிளாரன்ஸுக்கு வடமேற்கே, சில கிலோமீட்டர் தூரத்தில், செஸ்டோ ஃபியோரென்டினோ என்று ஓர் ஊர். அதை ஒட்டிய மலையடிவாரம்தான் டோச்சா. அங்கே ஜினோரி என்ற பிரபுக் குடும்பத்துக்கு ஒரு மாளிகை இருந்தது. அந்தக் குடும்பத்தின் கார்லோ ஜினோரிதான் ஆலையைத் தொடங்கியவர். 1702இல் பிறந்தவர், அரசியலும் தெரியும், மண்ணையும் உலோகத்தையும் சோதித்துப் பார்க்கும் ஆர்வமும் உண்டு. ஆலை தன் பிறந்த ஆண்டாக 1735ஐச் சொல்லிக்கொள்கிறது. வேலை சூடு பிடித்தது 1737இல்.

அந்த 1737 ஃபிளாரன்ஸுக்குப் பெரிய ஆண்டு. ஃபிளாரன்ஸைத் தலைநகராகக் கொண்ட டஸ்கனி நாட்டைச் சுமார் இருநூறு ஆண்டுகள் ஆண்ட மெடிசி குடும்பத்தின் கடைசிக் கோமகன் ஜான் காஸ்டோனே ஜூலை மாதம் வாரிசு இல்லாமல் இறந்தார். நாடு லொரைன் வம்சத்து ஃபிரான்சிஸின் கைக்குப் போனது. ஆஸ்திரியாவின் மரியா தெரேசாவின் கணவர் அவர். புதிய கோமகனுக்கு மரியாதை செலுத்த ஜினோரி வியன்னாவுக்குப் போனார். போன இடத்தில் அங்கிருந்த பீங்கான் ஆலையைப் பார்த்தார். திரும்பி வரும்போது கார்ல் வெண்டலின் அன்ரைட்டர் என்ற ஓவியரையும், சூளை வேலை தெரிந்த ஜார்ஜோ டெல்லே டொர்ரி என்பவரையும் தன் ஆலைக்கு ஏற்பாடு செய்துவிட்டார்.

1746இல் அவரை லிவோர்னோ துறைமுகத்துக்கு ஆளுநராக அனுப்பினார்கள். அதன் பிறகு ஆலையைப் பெரும்பாலும் கடிதங்கள் வழியாகவே நடத்தினார். 1757இல் இறந்தார். மகன் லொரென்சோ தொடர்ந்து நடத்தினார்.

பீங்கான் அந்தக் காலத்தில் ஏன் அவ்வளவு பெரிய விஷயம்?

செய்யத் தெரியாததால்தான். சீனாவிலிருந்து வந்த வெள்ளைப் பாத்திரங்களை ஐரோப்பா பல நூற்றாண்டுகளாக வாங்கிக்கொண்டிருந்தது. எதிலிருந்து செய்கிறார்கள் என்று யாருக்கும் புரியவில்லை. இத்தாலிய மொழியில் பீங்கானுக்கு "போர்செல்லானா" என்று பெயர். சோழிக்கும் அதே பெயர்தான். மார்க்கோ போலோ இரண்டையும் அந்த ஒரே சொல்லால் குறிப்பிட்டார். சோழியின் பளபளப்பும் வெண்மையும்தான் அவர்களுக்குக் கிடைத்த ஒரே ஒப்புமை.

முதலில் ஓரளவு நெருங்கியது ஃபிளாரன்ஸ்தான். கோமகன் முதலாம் ஃபிரான்செஸ்கோ டி மெடிசி 1575 வாக்கில் தன் பட்டறையில் பீங்கான் போன்ற ஒன்றைச் செய்ய வைத்தார். 1587இல் அவர் இறந்ததும் வேலை நின்றுபோனது. இன்றைக்கு அதில் மிஞ்சியிருப்பவை அறுபது சொச்சம்தான். அப்புறம் ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் மிக அதிகச் சூட்டில் இறுகும் உண்மையான கடினப் பீங்கானின் ரகசியம் பிடிபட்டு, 1710இல் மைசன் ஆலை தொடங்கியது. அங்கிருந்து ஓடிவந்த ஆட்கள் மூலம் ரகசியம் 1718 வாக்கில் வியன்னாவுக்குக் கசிந்தது, 1720இல் வெனிஸுக்கு வந்தது. வெனிஸில் வெஸ்ஸி குடும்பம் நடத்திய ஆலை ஏழே ஆண்டுகளில் மூடப்பட்டது. அடுத்து வந்தது டோச்சா. தன் ஊர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் தொடங்கிப் பாதியில் விட்டதை முடிக்கிறோம் என்ற எண்ணம் ஜினோரிக்கு இருந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன். மெடிசி குடும்பத்தின் நினைவை அவர் பீங்கானில் எவ்வளவு பெரிதாகக் கொண்டாடினார் என்பதைக் கீழே பார்க்கலாம்.

இந்த ஜாடிகளில் பூ வைத்தார்களா?

காட்சிக்காகச் செய்த பெரிய ஜாடிகளில் இல்லை. வாய் குறுகியிருக்கும், அல்லது மேலே மூடி இருக்கும், அல்லது விளிம்பில் ஓர் உருவம் ஏறி உட்கார்ந்திருக்கும். நீர் ஊற்றும் குடம் போன்ற வடிவத்தில் இருந்தாலும் அதிலிருந்து யாரும் நீர் ஊற்றியதில்லை. கணப்பு அடுப்பின் மேல் பலகையிலும், சுவரோரம் போட்ட சலவைக்கல் மேசையிலும் நிற்பதுதான் அவற்றின் வேலை. ஜோடியாகவும், மூன்று அல்லது ஐந்து சேர்ந்த வரிசையாகவும் வைப்பது வழக்கம். அதனால்தான் ஒற்றையாக அகப்படும் பழைய ஜாடியைப் பார்த்தால் "இன்னொன்று எங்கே போனது?" என்று கேட்கத் தோன்றும்.

ஆலைக்கு இதில் இன்னொரு பயன் உண்டு. கோப்பையும் தட்டும் விற்றுத்தான் சம்பளம் கொடுக்க முடியும். ஆனால் கோப்பையைக் காட்டி "எங்களால் முடியாதது இல்லை" என்று சொல்ல முடியாது. அதைச் சொல்ல ஜாடி வேண்டும், சிலை வேண்டும். டோச்சா இதில் மற்ற ஆலைகளைவிட எங்கோ போய்விட்டது. 1747-48 வாக்கில் மெடிசி வீனஸ் என்ற புகழ்பெற்ற பளிங்குச் சிலையைப் பெரிய அளவிலேயே பீங்கானில் செய்தார்கள். 1754இல் மைக்கலாஞ்சலோ செதுக்கிய "அந்தி", "விடியல்" உருவங்களின் பிரதிகளை மேலே வைத்து ஒரு முழுக் கணப்பு அடுப்பையே பீங்கானில் கட்டினார்கள். டஸ்கனியின் பெருமைகளுக்காக ஒரு சிறு பீங்கான் கோயிலும் 1750-51இல் உருவானது. மெடிசி ஆட்சியாளர்களின் முகப்பதக்கங்கள் அதில் இருக்கின்றன. அது இன்றும் கோர்டோனா நகரத்தில் இருக்கிறது. ஜாடிகளை இந்தக் கூட்டத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சாப்பாட்டு மேசைச் சாமான்களின் உறவு அல்ல அவை, சிலைகளின் உறவு.

ஜாடியின் மேல் இவ்வளவு சிற்பம் எப்படி வந்தது?

எனக்கு இந்த ஆலை பிடித்துப்போனதே இந்தக் கேள்வியால்தான். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

மெடிசி ஆட்சியின் கடைசிக் காலத்தில் ஃபிளாரன்ஸில் இரண்டு பெரிய சிற்பிகள் இருந்தார்கள். ஒருவர் ஜொவான்னி பட்டிஸ்டா ஃபோஜ்ஜினி, 1725இல் இறந்தவர். மற்றவர் மாஸ்ஸிமிலியானோ சோல்டானி பென்ஸி. கோமகனின் நாணயச்சாலைக்குத் தலைவர், வெண்கல வார்ப்பில் அந்தக் காலத்து ஐரோப்பாவில் அவருக்கு இணையானவர்கள் மிகச் சிலரே. 1740இல் இறந்தார். அரசகுலமும் போனது, சிற்பிகளும் போனார்கள். அவர்களுடைய பட்டறைகளில் மெழுகு மாதிரிகளும் பிளாஸ்டர் அச்சுகளும் மட்டும் மீதி இருந்தன. புதிய கோமகன் வியன்னா பக்கம் இருந்தார். வெண்கலம் வார்க்கச் சொல்லிக் காசு கொடுக்கும் அரண்மனை இல்லை.

ஜினோரி அந்த மாதிரிகளையும் அச்சுகளையும் சிற்பிகளின் வாரிசுகளிடமிருந்து விலைக்கு வாங்கினார். 1740களில் இது தொடர்ந்து நடந்தது. சிறு பொருள்கள் மட்டுமல்ல. பெரிய சிலைக் குழுக்கள், புடைப்புச் சிற்பப் பலகைகள், ஜாடி வடிவங்கள் என்று ஒரு தலைமுறைச் சிற்பக் கலையே டோச்சாவுக்கு வந்து சேர்ந்தது. ஆலையின் தலைமைச் சிற்பி காஸ்பரே புருஸ்கி அவற்றைக் களிமண்ணுக்கு ஏற்றபடி மாற்றினார்.

வெண்கலத்துக்கான அச்சு பீங்கானுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். ஃபிளாரன்ஸ் சிற்பிகள் அச்சைப் பல துண்டுகளாகச் செய்வார்கள். துண்டுகளைச் சேர்த்துக் கட்டி, உள்ளே மெழுகை மெல்லிய தோலாகப் படியவைத்து எடுப்பார்கள். பிறகு அந்த மெழுகை உருக்கி வெளியேற்றி அதன் இடத்தில் வெண்கலத்தை ஊற்றுவார்கள். ஆக, அச்சுக்கும் உலோகத்துக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. அச்சு பார்ப்பது மெழுகைத்தான். அதே அச்சில் மெழுகுக்குப் பதிலாகப் பிசைந்த களிமண்ணை அழுத்தினால் உருவம் அப்படியே வந்துவிடும். பிளாஸ்டர் ஈரத்தை உறிஞ்சுவதால் களிமண் சுருங்கித் தானாகவே அச்சிலிருந்து விலகும்.

ஒரு வித்தியாசம் மட்டும் வரும். கடினப் பீங்கான் காயும்போதும் சுடும்போதும் ஆறில் ஒரு பங்கு வரை சுருங்கும். அறுபது சென்டிமீட்டர் உயர வெண்கலத்துக்கான அச்சிலிருந்து ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்குத்தான் பீங்கான் வரும். ஒரே மாதிரியிலிருந்து வந்த வெண்கலமும் பீங்கானும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் அண்ணன் தம்பி போல உயரம் மாறியிருப்பது இதனால்தான்.

சோல்டானியின் ஜாடி வடிவங்களைப் பாருங்கள். வெண்கலத்துக்காக நினைத்தவை. கைப்பிடி ஒரு கடல் தேவதையின் வளைந்த முதுகு, வயிற்றுப் பகுதியில் கடல் தேவன் நெப்டியூனோ கடல் கன்னி கலாட்டேயாவோ ஊர்வலம் போவார்கள், அடியில் டால்ஃபின்கள். உலோகம் தன் எடையைத் தானே தாங்கும். ஈரக் களிமண்ணுக்கு அந்த பலம் இல்லை. இருந்தும் டோச்சாவில் அதைச் செய்து பார்த்தார்கள். வெள்ளையாகவே விட்ட ஜாடிகளில் சிற்பியின் கைவேகம் மிக நன்றாகத் தெரிகிறது. வண்ணமும் தங்கமும் போட்டவற்றை விட எனக்கு அவைதான் மேல்.

ஒரு பெரிய ஜாடியை எப்படிச் செய்தார்கள்?

முதலில் மண். டஸ்கனியிலேயே கிடைத்த மண்ணை, குறிப்பாக லூக்கா நகருக்குப் பக்கத்தில் மோன்டேகார்லோ என்ற ஊரின் மண்ணை, ஜினோரி பயன்படுத்தினார். அரைத்து, நீரில் கரைத்து, வண்டலைத் தெளியவைத்து, பிசைந்து வைப்பார்கள்.

ஒரு ஜாடி ஒரே அச்சில் வராது. அடித்தட்டு, வயிறு, கழுத்து, மூடி எல்லாம் தனித்தனி. கைப்பிடி தனி. வெளியே நீட்டி நிற்கும் கையும் இறக்கையும்கூடத் தனித்தனி. எல்லாம் பாதி காய்ந்து, தோல் போல உறுதியான பதத்துக்கு வந்ததும், அதே மண்ணைக் குழம்பாகக் கரைத்துப் பசை போலத் தடவி ஒட்டுவார்கள். ஒட்டின தடத்தை ஈரத் துணியாலும் சிறு மரக் கருவியாலும் மறைப்பார்கள். அச்சில் மழுங்கிப்போன முடிச்சுருள், விரல், கண்ணிமை எல்லாவற்றையும் கையால் மறுபடி கீறிக் கூர்மையாக்குவார்கள். ஒரே அச்சில் வந்த இரண்டு ஜாடிகள் ஒன்று போல இருக்காததற்கு இந்தக் கட்டம்தான் காரணம்.

அடுத்து உலர்த்துதல். இது பொறுமை கேட்கும் வேலை. கைப்பிடி மெல்லியது, சீக்கிரம் காயும். வயிறு தடிமன், மெதுவாகக் காயும். வேகம் ஒத்துப்போகாவிட்டால் ஒட்டிய இடத்தில் பிளவு விழும். அதனால் மெல்லிய பாகங்களை ஈரத் துணியால் சுற்றி வைப்பது குயவர்களின் பொது வழக்கம்.

பிறகு சூளை. புகையும் சாம்பலும் படாமல் இருக்கத் தீயைத் தாங்கும் களிமண்ணால் செய்த பெட்டிக்குள் வைத்துத்தான் சூளையில் அடுக்குவார்கள். பீங்கான் முழுதாக இறுக 1300 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். அப்போது மண் பாதி கண்ணாடி போல் இளகும். நீட்டி நிற்கும் கை தானாகத் தொங்கிவிடும். அதைத் தாங்க அதே மண்ணில் முட்டுகள் செய்து வைக்க வேண்டும், ஏனென்றால் முட்டும் ஜாடியோடு சேர்ந்து அதே அளவு சுருங்கியாக வேண்டும். மிகப் பெரிய உருப்படிகளைப் பாகம் பாகமாகச் சுட்டுப் பின்னால் இணைத்தார்கள்.

மேலே தெரியும் பளபளப்பு தனிப் பூச்சு, உருகிய கண்ணாடி போன்றது. வண்ணங்களும் தங்கமும் அதற்கும் மேலே, குறைந்த சூட்டில், ஒருமுறைக்கு மேல் சுட்டுப் பிடிக்கவைத்தவை. சூளையிலிருந்து வரும்போது தங்கம் மங்கலாகத்தான் இருக்கும். அகேட் என்ற கடினமான கல்லால் தேய்த்தால்தான் மின்னும். இத்தனை கட்டத்தில் எதில் தவறினாலும் முழு ஜாடியும் போச்சு.

சாம்பல் நிறமாக இருக்கிறது, விரிசல்கூட இருக்கிறது. போலியா?

இல்லை. பல நேரம் அதுவே நல்ல அடையாளம். ஜினோரி காலத்து டோச்சா மண்ணுக்கு இத்தாலியில் "மாஸ்ஸோ பஸ்டார்டோ" என்று பெயர், கலப்பு மண் என்ற பொருளில். மைசனின் பால் வெண்மை அதில் வராது. சாம்பல் சாயல் தட்டும். மேற்பூச்சும் சற்று வறண்டு, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். மகன் லொரென்சோவின் காலத்தில் மேற்பூச்சில் வெள்ளீய ஆக்சைடைச் சேர்த்து வெண்மையைக் கூட்டினார்கள்.

சூளை விரிசல்கள் பெரிய உருப்படிகளில் சாதாரணம். சூளையிலேயே பிளந்த விரிசலின் ஓரம் மழுங்கியிருக்கும். உள்ளே பூச்சு இறங்கியிருக்கும். பின்னாளில் கீழே விழுந்து உடைந்ததென்றால் ஓரம் கூராக, உள்ளே பூச்சு இல்லாமல் இருக்கும். இந்த வித்தியாசத்தை ஒருமுறை கண்ணால் பழகிவிட்டால் மறக்காது.

அந்த விரிசல்களைக் குறையாகப் பார்க்க என்னால் முடியவில்லை. சின்னதாகச் செய்திருந்தால் விரிசல் வந்திருக்காது. அந்த மண்ணுக்கு எட்டாத உயரத்தை வேண்டுமென்றே முயன்றார்கள்.

வண்ண வேலையில் டோச்சாவுக்கென்று என்ன பாணி?

தொடக்கத்தில் அன்ரைட்டர் கொண்டுவந்த வியன்னா பாணி. அவர் 1746இல் வியன்னாவுக்கே திரும்பிவிட்டார். ஆனால் அதற்குள் உள்ளூர் ஓவியர்கள் பழகிவிட்டார்கள்.

இன்னும் எளிதாகக் கண்டுபிடிக்கக்கூடியவை மூன்று. முதலாவது "ஸ்டாம்பினோ": துளையிட்ட அச்சுத் தாளை வைத்து நீல வண்ணத்தில் பூ, இலை போடுவது. நம் வீடுகளில் அச்சுத் தகட்டை வைத்துச் சுவரில் பூப்போடுவது போன்ற முறைதான். இரண்டாவது "துலிப்" என்று பெயர் பெற்ற பெரிய சிவப்புப் பூ. பெயர்தான் துலிப், உண்மையில் சீனப் பாத்திரங்களில் வரும் பியோனிப் பூவின் திரிந்த வடிவம். மூன்றாவது சிவப்பும் தங்கமுமாக ஜோடிச் சேவல்கள். இவை பெரும்பாலும் மேசைச் சாமான்களில் வரும்.

புடைப்புச் சிற்பம் உள்ள ஜாடிகளிலும் கோப்பைகளிலும் வேறு முறை. உடல்களுக்குத் தூரிகை நுனியால் மிகச் சிறிய புள்ளிகளாக வைத்துத் தோல் நிறம் கொண்டுவருவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வண்ணம் கரைந்து தெரியும், பக்கத்தில் போனால் புள்ளி புள்ளியாக இருக்கும்.

அப்படியானால் கபோடிமோன்டே என்பது எது?

அது வேறு ஊர், வேறு கதை. நேப்பிள்ஸ் மன்னர் சார்லஸ் 1738இல் சாக்சனி இளவரசி மரியா அமாலியாவை மணந்தார். மைசன் ஆலையைத் தொடங்கிய அகஸ்டஸின் பேத்தி அவர். 1743இல் கபோடிமோன்டே அரண்மனைத் தோட்டத்தில் மன்னர் ஒரு பீங்கான் ஆலை வைத்தார். அங்கே சுட்டது மென்பீங்கான், கடினப் பீங்கானைவிடக் குறைந்த சூட்டில் சுடும் வகை. சற்று வெதுவெதுப்பான பால் நிறம், தொட்டால் வெண்ணெய் போல வழுவழுப்பு. தலைமைச் சிற்பி ஜூசெப்பே கிரிச்சி, ஓவியர்களுக்குத் தலைவர் ஜொவான்னி கசெல்லி. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளைப் பொருத்தி ராணிக்காக ஒரு முழு அறையையே அவர்கள் பீங்கானால் மூடினார்கள்.

1759இல் சார்லஸ் ஸ்பெயின் மன்னரானார். போகும்போது கைவினைஞர்கள், அச்சுகள், டன் கணக்கில் பிசைந்த மண் என்று ஆலையையே கப்பலில் ஏற்றி மாட்ரிட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். பதினாறே ஆண்டு வாழ்ந்த ஆலை அது. மகன் ஃபெர்டினாண்ட் 1771இல் நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று தொடங்கினார். கிரீடத்தின் கீழே "என்" என்ற லத்தீன் எழுத்து போட்ட நீல முத்திரை அந்த இரண்டாவது ஆலையுடையது. முதல் ஆலையின் முத்திரை லில்லிப் பூ.

குழப்பம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தது. டோச்சா ஆலை தன்னிடமிருந்த பழைய புடைப்புச் சிற்ப அச்சுகளிலிருந்து மறுபடி நிறையச் செய்து, அடியில் அந்தக் கிரீட "என்" முத்திரையைப் போட்டு விற்றது. நேப்பிள்ஸ் அச்சுகள் டோச்சாவுக்கு வந்துவிட்டதாக ஒரு கதையும் பரவியது. வாங்கியவர்கள் இந்த வேலைப்பாடு முழுவதையும் கபோடிமோன்டே என்று நம்பிவிட்டார்கள். உண்மையில் அந்த நெரிசலான புராணக் காட்சிகளுக்கான மாதிரிகள் சோல்டானியுடையவை. 1740களிலிருந்தே அவை டோச்சாவில்தான் இருந்தன. தன் சொந்த வேலையின் மேல் இன்னோர் ஊர் முத்திரையைத் தானே குத்தியதால், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் புகழ் முழுக்க நேப்பிள்ஸுக்குப் போய்விட்டது. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

என் வீட்டு ஜாடியின் அடியில் கிரீடமும் "என்" எழுத்தும் இருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டா?

அநேகமாக இல்லை. ஐரோப்பியப் பீங்கானிலேயே அதிகம் நகலெடுக்கப்பட்ட முத்திரைகளில் இது ஒன்று. டோச்சாவைத் தவிர ஜெர்மனியிலும் மற்ற நாடுகளிலும் பல ஆலைகள் இதைப் போட்டிருக்கின்றன. புடைத்த உருவங்களும் கிரீட "என்"னும் சேர்ந்து இருந்தாலே பத்தொன்பதாம் நூற்றாண்டு அல்லது அதற்குப் பிந்தியது என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. "இத்தாலியில் செய்தது" என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தால் இன்னும் பிந்தியது.

ஜினோரியின் தொடக்க காலப் பொருள்களில் பெரும்பாலும் முத்திரையே இருக்காது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் குடும்பச் சின்னத்தில் இருக்கும் நட்சத்திரத்தை அடையாளமாகப் போடத் தொடங்கினார்கள். ஆகவே முத்திரையை நம்பி ஆரம்பிக்காதீர்கள். மண்ணின் நிறம், பூச்சின் வறட்சி, விரல்களும் முகமும் எவ்வளவு கூர்மையாகக் கீறப்பட்டிருக்கின்றன, அடிப்பக்கம் எப்படித் தேய்ந்திருக்கிறது ஆகியவற்றை முதலில் பாருங்கள். பழைய தேய்மானம் ஒரே சீராக இருக்காது. கடைசியில் முத்திரையைத் திருப்பிப் பாருங்கள்.

பிந்திய காலத்து ஜாடி என்றால் மதிப்பில்லை என்று அர்த்தமில்லை. நல்ல கைவேலை உள்ளவை நிறைய இருக்கின்றன. பெயரை மட்டும் சரியாகச் சொல்ல வேண்டும்.

வீட்டில் இருப்பதை எப்படிப் பார்த்துக்கொள்வது?

கைப்பிடியைப் பிடித்துத் தூக்கவே கூடாது; ஒட்டு விடும் முதல் இடம் அதுதான். ஒரு கையை அடியிலும் இன்னொன்றை உடம்பிலும் வைத்துத் தூக்குங்கள். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். தங்கம் உள்ள இடத்தில் சோப்பு, எலுமிச்சை, புளி எதுவும் வேண்டாம். பழைய ஒட்டு இருக்கிறதா என்று தெரியாத ஜாடியை வெந்நீரில் முக்காதீர்கள்.

ஆலை இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. 1896இல் மிலானைச் சேர்ந்த ரிச்சர்ட் நிறுவனத்தோடு இணைந்து ரிச்சர்ட் ஜினோரி ஆனது. 2013 ஜனவரியில் திவால் அறிவிக்கப்பட்டு, அதே ஆண்டில் குச்சி (Gucci) என்ற இத்தாலிய ஆடம்பரப் பொருள் நிறுவனம் வாங்கியது. இப்போது "ஜினோரி 1735" என்ற பெயரில் செஸ்டோ ஃபியோரென்டினோவிலேயே பீங்கான் செய்கிறார்கள்.

அசலை எங்கே பார்க்கலாம்?

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் டோச்சா பொருள்கள் இருக்கின்றன. ஃபிளாரன்ஸில் பிட்டி அரண்மனையின் பின்னால், போபோலி தோட்டத்தின் உச்சியில் உள்ள பீங்கான் அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பீங்கான் கோயிலைப் பார்க்கக் கோர்டோனாவுக்குப் போக வேண்டும்.

முக்கியமான தொகுப்பு ஆலைக்குப் பக்கத்திலேயே உள்ள ஜினோரி அருங்காட்சியகத்துடையது. 1965இல் கட்டிய கட்டடம் அது. திவாலுக்குப் பின் 2014இல் மூடப்பட்டது. தொகுப்பு சிதறிப்போகாமல் 2017இல் இத்தாலிய அரசு வாங்கிக்கொண்டது. போவதற்கு முன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ஜினோரி வாங்கிச் சேர்த்த மெழுகு மாதிரிகள் அந்தத் தொகுப்பில்தான் இருக்கின்றன. செம்பழுப்பு மெழுகில் சோல்டானி காலத்துக் கைவேலையை முதலில் பாருங்கள், பிறகு அதே உருவம் வெள்ளைப் பீங்கானில் ஆறில் ஒரு பங்கு சிறுத்து நிற்பதைப் பாருங்கள்.